முப்பத்திரண்டு எண்ணுவதற்குள்

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, பாரிவாக்கத்தில் அந்தத் தெரு மொத்தமும் ஜமீலா வீட்டுக்குள் போய் அடைந்துகொண்டது. கன்னியம்மா மட்டும் இரண்டு கிலோ வெங்காயத்தைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டில் இருக்கும் தன் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இத்தனைக்கும் ஜமீலா வீட்டு டிவியில் ஆடப்போவது அவள் பெற்ற மகள்.

பெண்களுக்கென்று தொழில்முறை கூடைப்பந்து லீக் ஒன்றை அந்த வருடம்தான் ஆரம்பித்திருந்தார்கள். இருபத்திமூன்று வயது கவிப்பிரியாவைக் கோவை அணி எடுத்துக்கொண்டது. எல்லா ஆட்டமும் கேபிளில் ஒரு விளையாட்டுச் சேனலில் நேரலையாக வந்தது. கிரிக்கெட்டைத் தவிர வேறு எதையும் ஏறெடுத்துப் பார்க்காத தெரு அது. மூன்றே மாதத்தில் நடுவர் ஊதுவதற்கு முன்னால் ‘ஃபவுல்’ என்று கத்துகிற அளவுக்குத் தேறிவிட்டது.

கன்னியம்மா பார்க்காமல் இருந்ததற்குக் காரணம், அவள் பார்த்தால் கவிப்பிரியா தோற்பாள் என்பதுதான். இது தெருவே ஒப்புக்கொண்ட விஷயம். மூன்று அத்தாட்சிகள் இருந்தன. கவிப்பிரியா பத்தாவது படிக்கும்போது அம்பத்தூரில் நடந்த பள்ளி இறுதி ஆட்டத்துக்கு அரைநாள் பெர்மிஷன் போட்டு, எலுமிச்சம்பழச் சாதம் கட்டிக்கொண்டு கன்னியம்மா போனாள். பதினான்கு பாயிண்டில் தோல்வி. கல்லூரியில் ஆடியபோது ஒருமுறை போனாள். கடைசி நிமிடத்தில் கைக்கு வந்த ஆட்டம் கை நழுவியது. லீக்கின் முதல் ஆட்டத்தை ஜமீலா வீட்டில் முன்வரிசையில், புதுப் புடவையோடு உட்கார்ந்து பார்த்தாள். தோற்றது போதாதென்று கவிப்பிரியா கால் பிசகி, இரண்டு பேர் தாங்கிக்கொண்டு போனார்கள்.

அன்றைக்குக் கலியமூர்த்திதான் வாயைத் திறந்தார். ஃபேக்டரியில் ஓய்வு பெற்ற பிறகு தெருவின் சென்டிமென்ட் இலாகாவை அவர்தான் கவனித்துக்கொண்டிருந்தார்.

“தப்பா நெனச்சிக்காத தங்கச்சி. மூணு தபா ஆயிருச்சி. இன்னொரு தபா பாத்துத்தான் தெரிஞ்சிக்கணுமா?”

மற்ற எல்லோரையும்விடக் கன்னியம்மாதான் அதை முழுசாக நம்பினாள். அதோடு சரி. அதற்குப் பிறகு பதிமூன்று ஆட்டம் நடந்தது, ஒன்றில்கூட அவள் கண் படவில்லை.

கலியமூர்த்தியின் சட்டம் எல்லோருக்கும் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். முதலில் ஜெயித்த ஆட்டத்தில் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்களோ அங்கேதான் கடைசிவரை உட்கார வேண்டும். அவர் அன்றைக்குப் போட்டிருந்த காப்பிப்பொடி நிறச் சட்டையை இன்னும் தோய்க்கவே இல்லை. பெயின்டர் விஜய் ஒருநாள் பாத்ரூமுக்குப் போயிருந்தபோது கவிப்பிரியா தொடர்ந்து மூன்று கூடை போட்டாள். அதிலிருந்து கோவை அணி பின்தங்கும்போதெல்லாம் விஜய்யைப் பாத்ரூமுக்கு அனுப்பிக் கதவை வெளியில் தாழ்ப்பாள் போட்டார்கள். ஜமீலாவின் பாத்ரூமில் அவன் பாதி லீக்கைக் கழித்திருந்தான்.

அவனுக்காவது கதவுக்கு வெளியே நடப்பது காதில் விழும். கன்னியம்மாவின் கஷ்டம் வேறு. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் கவிப்பிரியா போன் செய்வாள். பார்த்தாயா என்று கேட்பாள். டூட்டி என்பாள் கன்னியம்மா, தண்ணீர் வந்தது என்பாள், தலைவலி என்பாள். உண்மையைச் சொன்னால் ஆடுகிற பிள்ளை மனதில் அது ஏறி உட்கார்ந்துகொள்ளும், கை நடுங்கும். அதனால் மகளிடம் மூச்சு விடக்கூடாது என்று தெருவிடமே சத்தியம் வாங்கியிருந்தாள்.

போன மாதம் இரண்டு நாள் லீவில் வந்த கவிப்பிரியா, அம்மாவின் போனில் லீக்கின் ஆப்பைப் போட்டு, வருடச் சந்தாவும் கட்டி, முன்பக்கத்திலேயே தெரிகிற மாதிரி வைத்துவிட்டுப் போனாள். எங்கே இருந்தாலும் பார்க்கலாம், கேன்டீனில் உட்கார்ந்துகூடப் பார்க்கலாம் என்று சொல்லிக்கொடுத்தாள். கன்னியம்மா தலையை ஆட்டினாள், தொடவில்லை. கிளம்புகிற அன்று கவிப்பிரியா வாசலில் நின்று ஜமீலாவிடம் சொன்னது உள்ளே கேட்டது.

“மத்த பொண்ணுங்களோட அம்மாலாம் டிரெய்ன் புட்ச்சி வர்றாங்க ஆன்ட்டி. எங்கம்மாவுக்கு நான் ஆடுறது புடிக்கல போல. இன்னா பண்றது.”

பிடிக்கவில்லையா? மகள் பந்தோடு ஓடுவதை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை பயமில்லாமல் பார்த்துவிட மாட்டோமா என்று கன்னியம்மா ஏங்கிய ஏக்கம் அவளுக்குத்தான் தெரியும்.

இன்றைக்கு இறுதி ஆட்டம். மூன்று ஆட்டம் கொண்ட தொடரில் முதலாவது. பெங்களூருவில், பெங்களூரு அணியோடு. வேனை ஓரமாக நிறுத்திவிட்டு வந்த அவள் புருஷன் டில்லிபாபு, ஜமீலா வீட்டுக்குப் போவதற்கு முன் நாள்காட்டியைப் பார்த்து முகம் சுளித்தான்.

“ராகு காலத்துல ஆரம்பிக்கிறானுங்க.”

“ரெண்டு டீமுக்கும் ஒரே ராகு காலந்தான மாமா. நீ போ. பக்கோடா போட்டு அனுப்புறேன்” என்றாள் கன்னியம்மா.

வெங்காயம் நறுக்கி, மாவு பிசைந்து, எண்ணெய்ச் சட்டியை ஏற்றினாள். எதிர்வீட்டுச் சத்தத்தை வைத்து ஆட்டத்தைப் படிப்பது அவளுக்கு இப்போது பழகிப்போயிருந்தது. ‘ஏய்’ என்று ஒரே குரலாக எழுந்தால் கூடை. ‘ப்ச்’ என்று கலைந்தால் எதிரிக்குக் கூடை. பாத்ரூம் தாழ்ப்பாள் சத்தம் கேட்டால் நிலைமை மோசம்.

முதல் பாதி முடியப்போகிற நேரம். சட்டியை இறக்கி வைத்துவிட்டு மணி என்ன என்று பார்க்கப் போனை எடுத்தாள். திரையில் லீக் ஆப்பிலிருந்து ஏதோ ஓர் அறிவிப்பு வந்து நின்றது. தள்ளிவிடத்தான் விரலை வைத்தாள். கடலை மாவு ஒட்டிய விரல் தள்ளுவதற்குப் பதில் அழுத்திவிட்டது. சட்டென்று பச்சை உடையில் பெண்கள் ஓடினார்கள். நடுவில் ஒன்பதாம் நம்பர். ஒற்றைப் பின்னலை உச்சியில் சுருட்டிக் கட்டியிருந்த கவிப்பிரியா.

போனைக் கவிழ்த்துப் போட வேண்டியவள் ஒரு வினாடி தாமதித்துவிட்டாள். அந்த வினாடியில் எதிர்வீட்டில் ‘ஏய்’ என்று பெரிய சத்தம் எழுந்தது. கன்னியம்மா திடுக்கிட்டுப் போனைப் பார்த்தாள். போனில் ஒன்றுமே நடக்கவில்லை. பந்து பெங்களூருக்காரி கையில் இருந்தது. அவள் பாட்டுக்கு மெதுவாகத் தட்டிக்கொண்டு நடந்தாள். எதற்குக் கத்தினார்கள் என்று இவள் குழம்பி நிற்கும்போதே, கவிப்பிரியா நடுவில் புகுந்து பந்தைப் பிடுங்கிக்கொண்டு, தனியாக ஓடிப்போய்க் கூடையில் போட்டாள்.

நடப்பதற்கு முன்னால் எப்படிக் கத்தினார்கள்?

அம்பத்தூர் எஸ்டேட்டில் குக்கர் மூடி ரப்பரான காஸ்கெட் செய்யும் கம்பெனியில் பதினொரு வருடமாகச் செக்கிங் பிரிவில் இருப்பவள் அவள். எண்ணுவது அவள் ரத்தத்தில் ஊறியது. அடுத்த சத்தம் ‘ப்ச்’ என்று வந்தது. அவள் எண்ண ஆரம்பித்தாள். முப்பத்திரண்டு எண்ணியபோது பெங்களூருக்காரி கூடை போட்டாள். அடுத்தது ‘ஏய்’. மறுபடி முப்பத்திரண்டு. இன்னும் ஒருமுறை எண்ணிப் பார்த்தாள், ஒன்றுகூடக் கூடவோ குறையவோ இல்லை.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. போனில் வருவது தாமதமாக வருகிறது. டிவியில் மற்றவர்கள் பார்த்து முடித்ததைத்தான் போன் காட்டுகிறது. இவள் பார்க்கும்போது அது நடந்து முடிந்து, பாயிண்டும் ஏறி, எதிர்வீட்டில் கத்தியும் தீர்த்துவிட்டார்கள்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து யோசித்தாள். தினமும் எத்தனையோ காஸ்கெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறாள். அச்சிலிருந்து வெளியே வந்துவிட்ட காஸ்கெட்டை எவ்வளவு முறைத்துப் பார்த்தாலும் அது கெட்டுப்போகாது. நல்லது நல்லதுதான், சொத்தை சொத்தைதான். அச்சுக்குள் இருக்கும்போது யாராவது திறந்து பார்த்தால்தான் வினை. அப்படியென்றால் போனில் பார்ப்பதில் என்ன தோஷம்? தன் கண் போய்ச் சேருவதற்குள் பந்து எப்போதோ கூடையில் விழுந்திருக்கிறதே.

இந்த நியாயத்தில் ஓட்டை இருக்கிறதா என்று நாலு பக்கமும் தட்டிப் பார்த்தாள். இல்லை. போனைத் தண்ணீர்ச் சொம்பின்மேல் சாய்த்து வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பார்த்தாள்.

அவளுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்லி மாளாது. தன் வீட்டில் சோம்பேறித்தனமாகக் காலை நீட்டிப் படுத்துக் கிடக்கும் பெண்ணா இவள்? எப்படிக் குனிகிறாள், எப்படிக் கையை நீட்டி வழி மறிக்கிறாள், தன்னைவிட ஒரு சாண் உயரமானவளை எப்படித் தோளால் தள்ளிக்கொண்டு போகிறாள். இடித்துத் தள்ளினாலும் சிரித்துக்கொண்டே எழுந்திருக்கிறாள். அந்தச் சிரிப்பு டில்லிபாபுவின் சிரிப்பு. ஆனால் அந்தப் பிடிவாதம் யாருடையது என்று கன்னியம்மாவுக்குத் தெரியும்.

முன்கூட்டியே தெரிந்துகொண்டு பார்ப்பதில் ஒரு சௌகரியமும் இருந்தது. எதிர்வீட்டில் ‘ஏய்’ என்று எழுந்தால் இவள் கையைக் கட்டிக்கொண்டு, முகமெல்லாம் பல்லாக, வரப்போவதற்காகக் காத்திருப்பாள். இருபது, இருபத்தைந்து, முப்பது. இதோ. பந்து விழும். பயம் என்பதே கிடையாது.

இடைவேளையில் பக்கோடா வாங்க வந்த ஜமீலா, கதவைத் திறந்ததும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள்.

“கன்னிமா. இன்னா காரியம் பண்ணிகினு கீற?”

“சத்தம் போடாதக்கா. கதவ மூடு.” கன்னியம்மா அவளைப் பிடித்து உட்கார வைத்து, முப்பத்திரண்டைப் பற்றியும் காஸ்கெட்டைப் பற்றியும் சொன்னாள். ஜமீலா ஒரு பக்கோடாவை மென்றுகொண்டே, வக்கீல் மாதிரி, கண்ணை மூடிக் கேட்டாள்.

“அப்போ நீ பாக்குறது பழசு.”

“பழசுதான்க்கா. ஆறிப்போன சோறு மாரி.”

“அதுல இன்னா தோஷம் வரப்போவுது. பாரு. நான் யாருகிட்டயும் சொல்லல.” தட்டை எடுத்துக்கொண்டு வாசல்வரை போன ஜமீலா திரும்பி வந்தாள். “நல்லா ஆடுறா இல்ல?” என்று கேட்டாள். கன்னியம்மா தலையை மட்டும் ஆட்டினாள். இரண்டு பேருக்கும் கண் கலங்கியது.

இரண்டாவது பாதி இழுபறியாகப் போனது. பத்துப் பாயிண்ட் பின்தங்கினார்கள், பாத்ரூம் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. மெல்ல மெல்ல ஏறி வந்தார்கள். கவிப்பிரியா மட்டும் இருபத்தாறு பாயிண்ட் எடுத்திருந்தாள். ஆட்டம் முடிய ஒரு நிமிடம் சொச்சம் இருந்தபோது பெங்களூரு எழுபத்திரண்டு, கோவை எழுபது.

அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் ஒரு தண்ணீர் லாரி திரும்பியது. கம்பத்துக்குக் கம்பம் தொங்கிக்கொண்டிருந்த கேபிள் ஒயர் அதன் மூடியில் சிக்கியது. டிரைவருக்குத் தெரியவில்லை. நாலு வீட்டு ஒயரையும் கொடிபோல இழுத்துக்கொண்டு லாரி பாட்டுக்குப் போய்விட்டது. ஜமீலா வீட்டு டிவி நீலமானது.

தெருவில் எழுந்த கூச்சலைக் கேட்டுக் கன்னியம்மா கதவைத் திறந்தாள். எல்லோரும் வாசலில் நின்றார்கள். ஒருவர் லாரியைத் துரத்தினார். பாத்ரூமிலிருந்து விடுதலையான விஜய் தன் போனில் ஆப்பை இறக்கப் பார்த்தான். அது பெயர் கேட்டது, பிறந்த தேதி கேட்டது, ஓ.டி.பி. அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுச் சுற்றிக்கொண்டே இருந்தது. ஜமீலாவின் வாய் திறப்பதும் மூடுவதுமாக இருந்தது. பாவம், எத்தனை நேரம்தான் தாங்குவாள்?

“கன்னிமா போன்ல ஓடுது” என்றாள்.

அடுத்த கணம் இருபது பேர் அந்தச் சமையலறைக்குள் இருந்தார்கள். அடுப்பு மேடையில் இரண்டு பேர் ஏறிக்கொண்டார்கள். சொம்பின்மேல் சாய்ந்திருந்த போனில் கவிப்பிரியா பந்தோடு ஓடிக்கொண்டிருந்தாள். கலியமூர்த்தி போனைப் பார்த்தார். கன்னியம்மாவைப் பார்த்தார். மறுபடி போனைப் பார்த்தார்.

“நீ பாத்துகினா இருந்த?”

“இது பழசுண்ணா. முப்பத்திரண்டு எண்ணுற அளவுக்கு லேட்டு. நீங்க பாத்து முட்ச்சதத்தான் நான் பாத்தேன்.”

“செரி. இப்போ யாரு பாத்து முட்ச்சது? டிவியே இல்லியே. இப்போ இதான் முதல்ல பாக்குறது.”

“அது எப்படிண்ணா? அங்க பெங்களூருல முடிஞ்சி போயிருக்கும்” என்றாள் ஜமீலா.

“அங்க முடிஞ்சிருக்கலாம். இந்தத் தெருவுக்கு இன்னும் முடியல.”

கன்னியம்மாவுக்கும் பழைய பயம் திரும்பி வந்தது. எதிர்வீடு ஊமையாகிவிட்டது. வரப்போவது கூடையா இல்லையா என்று முன்கூட்டிச் சொல்ல ஆளில்லை. அச்சுக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரிதான் அவளுக்கும் தோன்றியது.

டில்லிபாபு தயங்கித் தயங்கி, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். “ஒரு நிமிசந்தான். நீ சொம்மா வெளிய போய் நில்லேன் கன்னிமா. எதுக்கு வம்பு?”

அவளும் எழுந்தாள். மகளுக்கு நல்லது என்றால் வெளியே நிற்பது அவளுக்குப் பெரிய விஷயமா? பதிமூன்று ஆட்டம் நின்றவள்தானே. வழிவிட்டவர்களைத் தாண்டி நிலைப்படிவரை போனாள்.

பின்னால் விசில் சத்தம் கேட்டது. யாரோ கவிப்பிரியாவின் கையில் அடித்துவிட்டார்கள். நாலு வினாடி மிச்சம். யாரும் குறுக்கே வராமல், கோட்டில் நின்று இரண்டு தடவை கூடையில் எறியலாம். இரண்டும் விழுந்தால் சமம். அறிவிப்பாளர் கவிப்பிரியாவின் பெயரைச் சொன்னார். கன்னியம்மா திரும்பினாள்.

திரை முழுக்க மகளின் முகம். வியர்வை வழிந்தது. கண் அங்கும் இங்கும் அலைந்தது. அறையில் அத்தனை பேர் இருக்கும்போது அம்மா எங்கே என்று தேடுகிற குழந்தையின் பார்வை அது. யாரையும் தேடாமல் அவள் சும்மா மூச்சு வாங்கிக்கொண்டும் இருந்திருக்கலாம். கன்னியம்மாவுக்கு அப்படித் தோன்றவில்லை.

அவள் திரும்பி வந்தாள். விஜய்யின் தோளைத் தள்ளி, சொம்பின்மேல் இருந்த போனைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

“தங்கச்சி” என்றார் கலியமூர்த்தி.

“தோத்தா தோக்கட்டும்ண்ணா” என்றாள் கன்னியம்மா. “என் பொண்ணு அங்க ஒண்டியா நின்னுகினு கீறா. நான் எங்கியும் போவல.”

கவிப்பிரியா பந்தைத் தரையில் தட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று. எறிந்தாள். வலை மட்டும் அசைந்தது. எழுபத்தொன்று. அறையில் இருபது பேரும் ஒன்றாக மூச்சு விட்டார்கள்.

மறுபடி பந்து கைக்கு வந்தது. ஒன்று, இரண்டு. எறிந்தாள். பந்து வளையத்தில் பட்டு, ஒரு சுற்றுச் சுற்றி, உள்ளே விழுவதா வெளியே விழுவதா என்று யோசித்து, வெளியே விழுந்தது. பெங்களூருக்காரி அதைப் பிடித்துக் கட்டிக்கொண்டாள். சங்கு ஊதிவிட்டது.

ஒவ்வொரு தலையாகக் கன்னியம்மா பக்கம் திரும்பியது. கலியமூர்த்தி தொண்டையைக் கனைத்தார்.

“நான் ஒண்ணியும் சொல்லல. ஆனா அப்பவே...”

“யோவ் அண்ணாத்தே” என்றான் டில்லிபாபு. ஒரு நிமிடத்துக்கு முன் பெண்டாட்டியை வெளியே போகச் சொன்ன வெட்கம் அவனை உள்ளுக்குள் தின்றுகொண்டிருந்தது. அது இப்போது கோபமாக வந்தது. “இவ பதிமூணு மேட்ச்சு பாக்கல. அதுல அஞ்சு தோத்தோம். தோத்தோமா இல்லியா?”

“தோத்தோம்.”

“அந்த அஞ்சும் யாரு பாத்துத் தோத்துது? நீயா? நானா? உன் சட்டையா?”

கலியமூர்த்தி குனிந்து தன் காப்பிப்பொடி நிறச் சட்டையைப் பார்த்துக்கொண்டார். மூன்று மாத அழுக்கு அதில் இருந்தது. அத்தனை பேர் அத்தனை நாளாக அந்த ஐந்தையும் எண்ணவே இல்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. முதலில் ஜமீலாவுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு விஜய்க்கு.

“அப்போ என்னிய எதுக்குய்யா பாத்ரூம்ல போட்டு அடைச்சீங்க?” என்று அவன் கேட்டதும் அடுப்பு மேடை, நிலைப்படி, வாசல் எல்லாம் சிரித்தது. கலியமூர்த்தியும் வேறு வழியில்லாமல் சிரித்தார். “ஊட்டுக்குப் போனதும் இத்த தோய்க்கப் போடுறேன்” என்றார்.

கன்னியம்மா மட்டும் சிரிப்பில் சேராமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் இப்போது பெங்களூருப் பெண்கள் குதித்துக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் ஒன்பதாம் நம்பர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

முக்கால் மணி நேரம் கழித்து டில்லிபாபுவின் போன் அடித்தது. கூட்டம் கலைந்து, மிச்சப் பக்கோடாவோடு வாசலில் நாலைந்து பேர்தான் இருந்தார்கள். பேரைப் பார்த்துவிட்டு அவன் எடுக்காமலேயே போனை மனைவியிடம் நீட்டினான்.

“நைனா” என்றாள் கவிப்பிரியா. அழுது அழுது குரல் கட்டியிருந்தது. “போச்சு நைனா. நான்தான் உட்டுட்டேன்.”

“நைனா இல்ல. நான்தாம்மா.”

“ம்.” அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். “ஒண்ணியும் இல்லம்மா. நைனாகிட்ட குடு. உனக்கு இன்னா சொன்னாலும் புரியாது.”

“இன்னா புரியாது? மொத தபா மூணு தட்டு தட்டிட்டுப் போட்ட. ரெண்டாவது தபா ரெண்டே தட்டு. எதுக்கு அவசரம்? எவ துரத்திகினு வந்தா உன்ன?”

அந்தப் பக்கம் பஸ்ஸின் இன்ஜின் உறுமியது.

“எப்பவும் மூணுதாம்மா தட்டுவேன்” என்றாள் கவிப்பிரியா மெல்ல. “இன்னிக்கி ஏன் ரெண்டுல உட்டேன்னே தெரில. கோச்சுகூட கவனிக்கல. உனக்கு யாரு சொன்னா?”

“யாரு சொல்லணும்? எனக்குக் கண்ணு இல்ல?”

“நீ பாத்தியா?”

“பாத்தேன். அந்தக் குதிர மாரி ஒசரமா கீறாளே பன்னெண்டாம் நம்பரு, அவ உன்ன மூணு தபா முழங்கையால இடிச்சா. ரெப்ரி ரெண்டுதான் ஊதுனான். நீ ஒரு தபா கீழ வுழுந்து சிரிச்சிகினே ஏந்த. அந்தப் பந்தப் புடுங்கிகினு ஓடுனியே, அப்போ எனக்கு நெஞ்சு அப்படியே...” கன்னியம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை நாள் ஏன் பார்க்கவில்லை என்ற கதையையும் சொல்லத்தான் போகிறாள். அது இன்றைக்கு வேண்டாம், நேரில் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம். “இன்னா ஆட்டம்டி ஆடுற நீ.”

போனை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கவிப்பிரியா பஸ்ஸுக்குள் யாரிடமோ கத்துவது கேட்டது. “எங்கம்மா மேட்ச் பாத்துச்சுடி. ஃபுல்லா பாத்துச்சு.” அதைத் தொடர்ந்து பஸ் மொத்தமும் ஓவென்று எழுந்த சத்தத்தில் கன்னியம்மா போனைக் காதிலிருந்து ஓர் அடி தள்ளிப் பிடித்தாள். வாசலில் இருந்தவர்கள் பக்கோடாவை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

“இன்னாடி அது சத்தம்? தோத்துட்டுதான வர்றீங்க?”

“ஆமாம்மா.” கவிப்பிரியா அழுதுகொண்டே சிரித்தாள். “ஜெயிச்சவங்க பஸ்ஸு பக்கத்துலதான் நிக்குது. எல்லாரும் ஜன்னல்ல தலைய நீட்டி எங்களையே பாக்குறாங்க.”